நாலாம் நம்பர் மெஷினும் நாற்பத்து மூன்று கால்களும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: "32 எம்பி கார்டு 43.2. 64 எம்பி கார்டு 24.3. காரணம் தெரிந்துவிட்டது." பாவு கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் அது. எண்கள், நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்ற கணக்கு. நினைவகம் அதிகமுள்ள புது கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரையும் கார்டு), பாதி நினைவகமுள்ள பழைய கார்டைவிட ஏன் மெதுவாக ஓடுகிறது என்று 2003ல் எனக்குள் விழுந்த கேள்விக்கு விடை அந்த வரியில் இருக்கிறது. பழைய கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்பதால், தப்பாகப் போன வழிகளையும் சேர்த்து நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த வருடம் அவிநாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சாயங்கால வேலை பார்த்தேன். எட்டு மெஷின். எல்லாமே பென்டியம் 3, 800 மெகாஹெர்ட்ஸ், இன்டெல் 815 சிப்செட் போர்டு. ஆறு மெஷினில் போர்டோடு வந்த கிராபிக்ஸ்தான். நாலாம் நம்பரில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் கார்டு, நினைவகம் 32 எம்பி. ஏழாம் நம்பரில் அதற்கு அடுத்து வந்த எம்எக்ஸ் 400, 64 எம்பி. சென்டர் அண்ணன் கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போட்டது ஏழாம் நம்பர் கார்டு. ஆனால் விளையாட வரும் பையன்கள் நாலாம் நம்பருக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். "ஏழு இழுக்குதுங்ணா, திரும்பினா ஒட்டுது" என்பார்கள்.

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. 64 என்பது 32ஐவிடப் பெரிது, 400 என்பது புதிது. அதனால் ஏழாம் நம்பரை ஃபார்மட் அடித்தோம். திரும்ப அடித்தோம். ரேமை மாற்றினோம், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினோம். இரண்டு மெஷினின் கார்டுகளை மட்டும் ஒரு தடவைகூட இடம் மாற்றிப் பார்க்கவில்லை. ஒரு பையன் ஒரு மணி நேரக் காசைத் திருப்பிக் கேட்டபோது, உன் கை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சென்டரை மூடியபோது அந்த இரண்டு கார்டும் ஒரு அட்டைப்பெட்டியில் என்னிடம் வந்து சேர்ந்தன. சோமனூரில் எங்கள் வீட்டோடு ஒட்டிய தறிக் குடோனின் அட்டாலியில் (பரணில்) வருடக்கணக்காகக் கிடந்தன. இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியை ஒழித்தபோது பெட்டி கையில் கிடைத்தது. நான் இப்போது விசைத்தறி பேனல் போர்டு வேலை பார்க்கிறேன். மீட்டர், சால்டரிங் அயர்ன், புளோயர் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. சரி, இந்தத் தடவை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு மெஷின் வேண்டும். உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் 815 போர்டு, 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 256 எம்பி ரேம் மூன்றும் சேர்த்து 850 ரூபாய்க்குக் கிடைத்தது. சென்டரில் இருந்த அதே ஜோடிதான் வேண்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து வாங்கினேன். வேறு போர்டில் சோதித்தால் அன்றைக்கு நடந்ததைக் கண்டுபிடித்ததாக ஆகாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பிராசசர் சாக்கெட் பக்கத்தில் ஐந்து கெப்பாசிட்டர் தலை உப்பிக்கிடந்தன. 1500 மைக்ரோஃபேரட், 6.3 வோல்ட். அந்தக் காலத்துப் போர்டுகளுக்கு இது வழக்கமான நோய். 10 வோல்ட் தாங்கும் லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) ரகம் ஒன்று 14 ரூபாய் என்று ஐந்து வாங்கினேன். 25 வாட் அயர்னை வைத்து முதல் காலை எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நெகட்டிவ் கால் போய்ச் சேரும் செம்புத் தகடு பெரியது, சூட்டை எல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. 60 வாட் அயர்னுக்கு மாறி, பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்கிய பிறகுதான் மற்ற நாலும் சுலபமாக வந்தன. சிஆர்2032 பேட்டரி 20 ரூபாய். பழைய 20 ஜிபி ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டதால், அதை விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க் மாட்டும் ஐடிஇ இடத்தில் சொருகும் சிஎஃப் அடாப்டர் 220 ரூபாய்க்கும், அதில் போட ஒரு சிஎஃப் மெமரி கார்டு 350 ரூபாய்க்கும் வாங்கினேன். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு ஏறியது. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் லைன் 5.08 காட்டியது, 12 வோல்ட் லைன் 11.9. இரண்டும் நல்ல கணக்கு.

அளக்க எடுத்துக்கொண்டது குவேக் 3 என்ற சுடும் விளையாட்டு. சென்டரில் பையன்கள் ஆடியதும் அதுதான். அதில் டைம்டெமோ 1 என்று கட்டளை கொடுத்து, டெமோ ஃபோர் என்ற பதிவை ஓடவிட்டால், கடைசியில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்று காட்டும். கை விளையாட்டுக்கு இடமில்லை, ஒவ்வொரு தடவையும் அதே காட்சிதான் ஓடும். மெஷினை ஆன் செய்ததும் ஓடும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு அடுத்த மூன்று ஓட்டங்களின் சராசரியை எழுதினேன்.

முதல் நாள் முடிவு என்னைக் குழப்பியது. 640க்கு 480ல் நாலாம் நம்பர் கார்டு 59.4, ஏழாம் நம்பர் கார்டு 58.9. இரண்டும் ஒன்றுதான், பையன்கள் சொன்னது வெறும் மனப்பிரமை என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அறுபதை ஒட்டி இரண்டு கார்டும் நிற்கின்றன, மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. காலையில் எழுந்து, கார்டை இயக்கும் நிரலான டிரைவரின் செட்டிங்கைத் திறந்தால், வெர்ட்டிகல் சிங்க் எப்போதும் இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. மானிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை கார்டு காத்திருந்தாக வேண்டும் என்று அர்த்தம். கார்டுக்கு எவ்வளவு தெம்பு இருந்தாலும் அறுபதைத் தாண்டாது. அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக அளந்தேன். முதல் நாள் எழுதிய பக்கத்தில் குறுக்குக் கோடு.

இப்போது உண்மை வெளியே வந்தது. 640க்கு 480, 16 பிட் வண்ணத்தில் நாலாம் நம்பர் கார்டு 93.1, ஏழாம் நம்பர் 87.4. 800க்கு 600, 32 பிட்டில் 68.0க்கு எதிராக 39.6. 1024க்கு 768, 32 பிட்டில் 43.2க்கு எதிராக 24.3. பழைய கார்டின் சிப் 175 மெகாஹெர்ட்ஸ், புதிய கார்டின் சிப் 200. வேகம் கூடிய சிப் பாதி வேலைதான் செய்கிறது. மூன்று தடவை கார்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். கால் பட்டையை அழிரப்பரால் துடைத்து மாட்டினேன். அதே எண்தான் வந்தது. மெஷின் ஒன்று, டிரைவர் ஒன்று, சோதனையும் ஒன்று. அப்படியானால் வித்தியாசம் கார்டுக்குள்தான் இருக்கிறது. 2003ல் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிடமும் இருந்திருந்தால் இதுவரைக்காவது வந்திருக்கலாம்.

அடுத்து சூட்டைச் சந்தேகப்பட்டேன். தறிக் குடோனில் கிடந்த பொருளில் பஞ்சு எப்படி ஏறும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் நம்பர் கார்டின் சின்ன ஃபேனில் பஞ்சு திரியாகச் சுற்றி, விரலால் தள்ளினால்கூட ஃபேன் அசையவில்லை. ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. பேனலில் கான்டாக்டர் சூட்டைப் பார்க்க வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டினேன், 71 டிகிரி. இதுதான் திருடன் என்று ஒரு சந்தோஷம். ஃபேனைக் கழற்றி, ஸ்டிக்கரைத் தூக்கி, புஷ்ஷில் ஒரு சொட்டு ஸ்பிண்டில் ஆயில் விட்டேன். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்துப் புது பேஸ்ட் வைத்தேன். அந்த ஆல்கஹால் 120 ரூபாய், பேஸ்ட் 80. சூடு 49க்கு இறங்கியது. ஃபிரேம் 24.3லேயே நின்றது, புள்ளிக்கு அப்புறம் இருக்கும் எண்கூட நகரவில்லை.

இதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். இப்போதைய கார்டுகள் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜிஃபோர்ஸ்2 காலத்துக் கார்டுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. சூடு மிஞ்சினால் திரையில் புள்ளி தெறிக்கும், படம் கிழியும், மெஷின் உறையும். அதுவரை அதே வேகத்தில்தான் ஓடும். அதனால் பழைய கார்டு தொங்காமல் மெதுவாக மட்டும் ஓடினால், சூட்டின்மேல் பழி போடுவதில் பலன் இல்லை. சுத்தம் செய்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை, கார்டின் ஆயுள் கூடும். ஆனால் நான் தேடியது அது இல்லை.

அடுத்தது டிரைவர்: 45.23 என்ற பதிப்பில் அளந்திருந்தேன். 2001ஐச் சேர்ந்த 12.41ஐ ஏற்றிப் பார்த்தேன். இரண்டு கார்டும் ஓரிரு ஃபிரேம் ஒன்றாகக் கூடின, இடைவெளி அப்படியே இருந்தது. திரும்ப 45.23ஐயே ஏற்றிவிட்டேன். போர்டின் பயாஸ் செட்டிங்கில், கார்டு சொருகும் ஏஜிபி பாதையின் வேகத்தை 4எக்ஸிலிருந்து 2எக்ஸாக்கினேன், ஏஜிபி அபெர்ச்சர் (கார்டு கடன் வாங்கக்கூடிய ரேம்) அளவை 64லிருந்து 128 ஆக்கினேன். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரு மாற்றமும் இல்லை. இந்த மூன்றுக்கும் ஒரு ராத்திரி போயிற்று. அவ்வளவுதான்.

அதன் பிறகு நோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் திரையில் இரண்டும் ஏறக்குறைய சமம். திரை பெரிதாகி, வண்ணம் 32 பிட்டாகும்போது இடைவெளி விரிகிறது. சின்னத் திரையில் வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசர், அது இரண்டு கார்டுக்கும் ஒன்றுதான். பெரிய திரையில் புள்ளிகள் அதிகம், ஒவ்வொரு புள்ளிக்கும் எழுத வேண்டிய பைட்டும் இரட்டிப்பு. ஆக, எங்கேயோ கார்டுக்குள் சரக்கு போய்வரும் பாதையில் நெரிசல். அது சிப்பிலா, நினைவகத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. டெட்டொனேட்டர் என்ற அந்த என்விடியா டிரைவரில் சிப், நினைவகம் இரண்டின் கடிகார வேகத்தை மாற்றும் பக்கம் ஒளிந்திருக்கும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் என்விடியா பகுதிக்குள் என்விட்வீக் என்ற இடத்தில் கூல்பிட்ஸ் என்று ஒரு பதிவைச் சேர்த்து மதிப்பை 3 என்று கொடுத்தால் அது வெளியே வரும். அதில் பார்த்தால் இரண்டு கார்டுக்கும் நினைவக வேகம் ஒன்றே, 166 மெகாஹெர்ட்ஸ். ஏழாம் நம்பர் கார்டில் முதலில் சிப் வேகத்தை மட்டும் 200லிருந்து 220 ஆக்கினேன். 24.3 என்பது 24.4 ஆயிற்று. அதைப் பழையபடி இறக்கிவிட்டு, நினைவக வேகத்தை மட்டும் 166லிருந்து 183க்கு ஏற்றினேன். 26.6. நினைவகம் பத்து சதவீதம் ஏற, ஃபிரேமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. 190க்குத் தள்ளியபோது திரையில் பச்சைப் புள்ளிகள் தெறித்தன, உடனே இறக்கிவிட்டேன்.

இந்தச் சோதனைதான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது. ஒன்றை மட்டும் அசைத்தால், எது அசைகிறது என்று பார்ப்பது. தறி ஓடாமல் நிற்கும்போது ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்றே தெரியாது. வேலையில் தினமும் செய்கிற பழக்கம் இது. அதை இங்கே கொண்டுவர எனக்கு ஆறு நாள் ஆயிற்று.

குற்றம் நினைவகத்தில் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி? வேகம் இரண்டிலும் 166. கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதில் நாலு கறுப்பு நினைவகச் சிப், அதில் நாலு கறுப்பு நினைவகச் சிப். வெர்னியர் வைத்து அளந்தேன். இரண்டிலும் சிப்பின் நீளம் 22.2 மில்லிமீட்டர், அகலம் 10.2. அளவிலே ஒட்டிப் பிறந்த மாதிரி. ஏழாம் நம்பர் கார்டின் பின்பக்கம் இன்னும் நாலு சிப்புக்கு ஈயம் பூசிய இடம் காலியாக இருந்தது. அதிக நினைவகம் வைக்க விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து அதைக் கடந்து போனேன். விடை கண்ணுக்கு எதிரே இருந்த இடம் அது.

அன்றைக்கு மதியம் கரண்ட் போயிற்று. தறிச் சத்தம் நின்று குடோனே அமைதியானது. அப்பா வந்து என் மேசைப் பக்கம் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வருடமாகத் தறி ஓட்டுகிறவர். என்ன பண்றே என்று கேட்டார், சொன்னேன். "ரெண்டும் ஒரே மாதிரிதாம்ப்பா, நாலு நாலு சிப்பு, ஒரே சைஸ்" என்றேன். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிக் கிளாஸ் இருக்கும். துணியில் இஞ்ச்சுக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற சின்ன மடக்கு லென்ஸ். அதை எடுத்து ஒரு கார்டின் சிப் ஓரத்தில் வைத்தார். பிறகு மற்ற கார்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ரெண்டும் ஒண்ணுங்கறே. இதுல இழை நெருக்கமா இருக்குது, அதுல கலக்கமா இருக்குது. ரெண்டும் வேற வேற ரகமல்லோ?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ஊசி முனையால் ஒவ்வொரு காலாகத் தள்ளி எண்ணினேன். ஏழாம் நம்பர் கார்டின் சிப்பில் ஒரு பக்கம் 27 கால், மறுபக்கம் 27, மொத்தம் 54. நாலாம் நம்பர் கார்டின் சிப்பில் ஒரு பக்கம் 43, இரண்டு பக்கமும் சேர்த்து 86. அதே நீளத்துக்குள் ஒன்றில் 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு கால், இன்னொன்றில் 0.5க்கு ஒரு கால். வெறும் கண்ணுக்கு இரண்டும் சீப்புப் பல்லாகத்தான் தெரிகிறது. வெர்னியர் வைத்து நீளம் அகலம் அளந்த எனக்கு, காலை எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை. அப்பாவுக்கு எண்ணுவதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

கால் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்றால், எஸ்டிரேம் என்ற இந்த நினைவகச் சிப்புகளில் கார்டுக்குப் போடும் 54 கால் ரகத்துக்கு 16 டேட்டா லைன், அதாவது ஒரே நேரத்தில் 16 பிட் போகும் பாதை, 86 கால் ரகத்துக்கு 32. ஏழாம் நம்பர் கார்டில் நாலு பதினாறு 64 பிட். நாலாம் நம்பர் கார்டில் நாலு முப்பத்திரண்டு 128. ஒரே 166 மெகாஹெர்ட்ஸில் ஒரு கார்டு நொடிக்கு ஏறக்குறைய 1.3 ஜிகாபைட் தூக்குகிறது, இன்னொன்று 2.6க்கு மேல். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "தறி ஓடுற வேகம் ஒண்ணுதான், பன்னா பாதிங்கறே" என்றார். பன்னா என்றால் துணியின் அகலம். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

கரண்ட் வந்ததும் சிப்பின் மேலிருந்த எண்களைத் துடைத்துப் படித்தேன். இரண்டும் சாம்சங் சிப்புகள். ஏழாம் நம்பரில் கே4எஸ்281632 என்று தொடங்கியது. 28 என்றால் 128 மெகாபிட், அடுத்து வரும் 16 என்பது அகலம். நாலாம் நம்பரில் கே4எஸ்643232. 64 மெகாபிட், அகலம் 32. இரண்டிலும் வால் எண் 60, அதாவது 6 நானோசெகண்ட், 166 மெகாஹெர்ட்ஸ். கணக்கும் ஒத்துவந்தது: 128 மெகாபிட் சிப் ஒன்று 16 எம்பி, நாலு சேர்ந்தால் 64 எம்பி. 64 மெகாபிட் சிப் ஒன்று 8 எம்பி, நாலு சேர்ந்தால் 32 எம்பி. மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் எவரெஸ்ட் நிரலில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஏழாம் நம்பர் கார்டின் நினைவகப் பாதை (பஸ்) அகலம் 64 பிட் என்று அதுவும் சொன்னது. இருபது வருடம் தேடியது சிப்பின் முதுகிலேயே அச்சடித்துக் கிடந்தது.

காலியாகக் கிடந்த அந்த நாலு இடமும் இப்போது புரிந்தது. அந்த போர்டு எட்டு சிப்புக்காக வரையப்பட்டது. எட்டுப் பதினாறு 128. எட்டு சின்னச் சிப்புக்குப் பதில் நாலு பெரிய சிப் வைத்தால் செலவு குறையும், பெட்டியின்மேல் 64 எம்பி என்றே அச்சடிக்கலாம். பாதை மட்டும் பாதியாகிவிடும், அதைப் பெட்டியில் எழுத வேண்டியதில்லை. என்விடியா வகுத்தபடி 64 பிட் எஸ்டிரேம் என்பது எம்எக்ஸ் 200 என்ற மலிவு ரகத்துக்கு உரியது. எங்கள் கையில் வந்ததோ 400 என்ற பெயரையும் 200 மெகாஹெர்ட்ஸ் சிப்பையும் வைத்துக்கொண்டு, 200ன் நினைவகப் பாதையில் நடந்த கார்டு. அண்ணன் அன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் காசை ஈட்ட அவர் எத்தனை மணி நேரம் சென்டரில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

காலி இடத்தில் நாலு சிப் வைத்து 128 பிட் ஆக்கிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஒரு செத்துப்போன பிசி133 ரேமிலிருந்து 54 கால் சிப் எடுக்க புளோயரைக்கூடச் சூடாக்கிவிட்டேன். பிறகு அதன் வால் எண்ணைப் பார்த்தேன், 75. அது 7.5 நானோசெகண்ட், 133 மெகாஹெர்ட்ஸ் சிப். கார்டு ஓடுவது 166ல். அதுமட்டுமில்லை, காலி இடத்தைச் சுற்றியிருந்த சின்ன ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும்கூட வைக்கப்படவே இல்லை. எல்லாவற்றையும் வைக்க வேண்டும், அப்புறம் கார்டின் பயாஸும் ஒத்துக்கொள்ள வேண்டும். கார்டு இப்போது நல்லபடியாக ஓடுகிறது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அது அப்படியே, அதன் குறையோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காகிதத்தில் "64 பிட்" என்று எழுதிப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

மொத்தச் செலவு: போர்டு வகையில் 850, கெப்பாசிட்டர் 70, பேட்டரி 20, சிஎஃப் அடாப்டரும் கார்டும் 570, ஆல்கஹாலும் பேஸ்ட்டும் 200. ஆக 1,710 ரூபாய். பிக் கிளாஸ் அப்பாவுடையது.

அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். கார்டை மெஷினில் சொருகும் முன்பே சிப்புகளை எண்ணி, கால்களை எண்ணி, எண்களை எழுதிவைப்பேன், இரண்டு பக்கமும் படம் எடுத்துவைப்பேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். பிறகு வெர்ட்டிகல் சிங்கை அணைத்துவிட்டுச் சின்னத் திரையில் ஒன்று, பெரிய திரையில் ஒன்று என்று இரண்டே அளவு எடுப்பேன். சின்னதில் சமம், பெரியதில் பாதி என்றால் டிரைவரைத் தொடவே மாட்டேன். ஃபேன் சுத்தம் செய்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலை, ஆனால் அளவெடுக்கும் வேலையோடு அதைக் கலக்க மாட்டேன். இதே விஷயம் வேறு கார்டுகளிலும் உண்டு. என்விடியாவின் பழைய டிஎன்டி2வில் எம்64 என்று வால் இருந்தால் பாதை 64 பிட். ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஒரே பெயரில் 64 பிட்டிலும் வந்தது, 128 பிட்டிலும் வந்தது. அதில் இருப்பது டிடிஆர் என்ற அடுத்த தலைமுறை நினைவகச் சிப், நீளச் சிப்பாக இருந்தால் 66 கால், பெரும்பாலும் 16 லைன். அப்படி நாலு இருந்தால் 64, எட்டு இருந்தால் 128. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஏழாம் நம்பர் மெஷின் ஞாபகம் இருக்குதுங்களா?"

"ஏந்தம்பி இல்லாம? எத்தனை தடவை ஃபார்மட் அடிச்சோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "அப்ப அந்தப் பையன் சொன்னது நெசந்தானுங்களா" என்றார். அவருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. பிறகு, சென்டரை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேறொரு மெஷினுக்கு வாங்கிய கார்டு ஒன்று வீட்டு பீரோவில் கிடப்பதாகவும், அதுவும் எம்எக்ஸ் 400, 64 எம்பி என்றும் சொன்னார். அதுவும் அதே மாதிரிதான் இருக்குமோ என்று கேட்டார். எடுத்து வாங்கண்ணா, பார்த்துவிடலாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிட்டார். கார்டை வாங்கியதும் மெஷின் பக்கம் போகவில்லை, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் லென்ஸை வைத்தார். ஒரு பக்கம் 27 கால். அண்ணன் முகம் வாடிவிட்டது. கார்டைத் திருப்பினோம், பின்பக்கம் இன்னும் நாலு சிப் இருந்தன. மொத்தம் எட்டு, எட்டுப் பதினாறு 128. சிப் எண்ணில் வால் 60. கார்டைச் சொருகும் முன்பே நோட்டில் "44 வர வேண்டும்" என்று எழுதி, அண்ணனிடம் காட்டினேன். டெமோ ஓடியது, மூன்று தடவை. 44.6.

அண்ணன் நோட்டை வாங்கி அந்த இரண்டு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, மவுஸைப் பிடித்து, ஒரு ரவுண்டு ஆடிப் பார்க்கிறேன் தம்பி என்றார். இருபது வருடத்தில் அவர் கை கொஞ்சமும் மறக்கவில்லை. அவிநாசி போகும் கடைசி பஸ் போயிருக்கும் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். பத்து மணிக்கு நான்தான் அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவந்தேன்.